பழைய லேண்ட் ரோவர் கட்டப் போறீங்களா? சீரிஸ் 1, 2, 2ஏ, 3-ல எத எடுக்கலாம்

பழைய லேண்ட் ரோவர் ஒன்னு எடுத்து போல்ட்டு போல்ட்டா பிரிச்சுக் கட்டணும்னு ஆசை வந்துட்டா அடுத்த கேள்வி எல்லாருக்கும் ஒன்னுதான், எந்த சீரிஸ் எடுக்குறது. ஆளாளுக்கு ஒரு பதில் சொல்லுவாங்க, பெரும்பாலும் அவங்கவங்க வாசல்ல நிக்குற வண்டிதான் பதிலா வரும். நானும் அதுக்கு விதிவிலக்கு இல்ல, முன்னாடியே சொல்லிடுறேன், என்கிட்ட இருக்குறது சீரிஸ் 3.

அதுவும் தெரிஞ்சு வாங்குனது கிடையாது. 2ஏ-ன்னு நெனச்சு வாங்குனேன். கம்பி வலை கிரில், அதுக்குள்ள ரெண்டு ஹெட்லைட்டும் பக்கத்துல பக்கத்துல, பாத்த உடனே மனசு விழுந்துருச்சு, வேற எதையும் பாக்கல. வீட்டுக்கு வந்து கழுவி, முன்பக்கம் வலது ஸ்பிரிங் மாட்டுற கொம்புல இருந்த பெயிண்ட்ட மெதுவா சுரண்டி, மேல சாக்பீஸ தேச்சு துடைச்சா அடிச்சு வச்ச சேஸ் நம்பர் வெள்ளையா தெரியுது, 901-ல ஆரம்பிக்குது. 2ஏ-ல 88 இன்ச் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 88 இன்ச், பெட்ரோல் வண்டியா இருந்தா 241-ன்னு ஆரம்பிச்சிருக்கணும், 901-ன்னா சீரிஸ் 3. யாரோ எப்பவோ முன்பக்கத்த மட்டும் 2ஏ-வோடத எடுத்து மாட்டியிருக்காங்க. வித்தவர் பொய் சொல்லல, அவருக்கே தெரியாது. இத்தனைக்கும் மீட்டரெல்லாம் டிரைவர் முகத்துக்கு நேரா இருந்துச்சு, அது ஒன்ன பாத்தாலே சீரிஸ் 3-ன்னு சொல்லியிருக்கலாம், 2ஏ-ல மீட்டர் டேஷ்போர்டு நடுவுலல்ல இருக்கும். நான்தான் கிரில்ல பாத்துக்கிட்டு நின்னுட்டேன்.

இதச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 1958-ல இருந்து 1985 வரைக்கும் வந்த வண்டிங்கள்ல இன்ஜின், கியர் பாக்ஸ், ஆக்சில், ஃபெண்டர், கிரில்னு ஏகப்பட்டது ஒன்னுலேருந்து இன்னொன்னுக்கு மாறும், சிலதுக்கு சின்ன மாத்தல் வேணும், அவ்ளோதான். அதனால மாத்த முடியுற சாமான வச்சு சீரிஸ் முடிவு பண்ணாதீங்க, மாத்தவே முடியாதது எது, மாத்துனா முதுகு ஒடியுறது எது, அத வச்சு முடிவு பண்ணுங்க. பேப்பர், வீல்பேஸ், சேஸ் (வண்டிய தாங்குற அடிச்சட்டம்), பல்க்ஹெட் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற சுவர்), அப்புறம் நீங்க எப்படி ஓட்டப் போறீங்கங்கறது. மீதி எல்லாம் ஸ்பேனர் வேலை.

வரலாறு சுருக்கமா. போர் முடிஞ்சதும் ரோவர் கம்பெனியோட மாரிஸ் வில்க்ஸ் தன்னோட தோட்டத்துல ஒரு பழைய வில்லிஸ் ஜீப் வச்சு ஓட்டிக்கிட்டிருந்தாரு, அதுலேருந்து வந்த யோசனைதான் இது. 1948 ஏப்ரல்ல ஆம்ஸ்டர்டாம் கண்காட்சில முதல் வண்டிய காட்டுனாங்க. அப்ப பிரிட்டன்ல இரும்புக்கு ரேஷன், அதனாலதான் பாடி அலுமினியக் கலவை. சீரிஸ் 1 1958 வரைக்கும், சீரிஸ் 2 1958-ல இருந்து 61, 2ஏ 61-ல இருந்து 71, சீரிஸ் 3 71-ல இருந்து 85. சீரிஸ் 1 ஓடிக்கிட்டிருந்த காலத்துல அதுக்கு சீரிஸ் 1-ன்னு பேரே இல்ல, வெறும் லேண்ட் ரோவர்தான், 2 வந்தப்புறம்தான் முன்னாடி இருந்தது 1 ஆச்சு.

சீரிஸ் 1 அழகு, அதுல சண்டையே இல்ல. ஆனா அதுக்குள்ளயே நாலஞ்சு வண்டி இருக்கு. முதல்ல 80 இன்ச் வீல்பேஸ், 1.6 லிட்டர் இன்ஜின், 50 குதிரை சக்தி. அப்புறம் 2 லிட்டர் வந்துச்சு. 1954 மாடல்ல 86 இன்ச்சும் 107 இன்ச்சும் ஆச்சு, 1956-ல 88-ம் 109-ம் ஆச்சு, அந்தக் கடைசி 2 இன்ச் எதுக்குன்னா வரப்போற டீசல் இன்ஜின உள்ள உக்கார வைக்க, அதான் நீளம் முழுக்க பல்க்ஹெட்டுக்கு முன்னாடியே ஏறியிருக்கும். இதுல 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின்லயே ரெண்டு விதம், முதல்ல வந்தது சிலிண்டர்கள் ஒட்டிக்கிட்டு இருக்கும், அடுத்து வந்தது இடைவெளி விட்டு இருக்கும், சாமான் ஆர்டர் பண்றப்ப இது தெரியலன்னா தப்பான கேஸ்கெட்தான் வந்து சேரும். இன்ஜினும் வித்தியாசமானது, இன்லெட் வால்வு ஹெட்டுல, எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்குல. ஹெட்ட கழட்டி லேத்துக்கு அனுப்பிட்டா வேலை முடிஞ்சதுன்னு நெனைக்க முடியாது, எக்ஸாஸ்ட் வால்வு உக்கார்ற சீட் பிளாக்குலயே இருக்கு, சீட் போச்சுன்னா பிளாக்கையே தூக்கிட்டுப் போகணும். ரொம்ப முதல்ல வந்த வண்டிங்கள்ல ஃபோர் வீல் டிரைவே வேற மாதிரி, எப்பவும் நாலு சக்கரமும் சுத்தும், நடுவுல ஒரு ஃப்ரீ வீல் (முன் சக்கரம் வேகமா சுத்துறப்ப விட்டுக்குடுக்குறது), அத பூட்ட தரைல ஒரு வளையத்த இழுக்கணும்.

சாமான் கிடைக்குமான்னா கிடைக்கும், ஆனா சீரிஸ் 1-க்குன்னே செய்யுறவங்ககிட்ட தேடிப்போய் வாங்கணும், 2-லேருந்து 3 வரைக்கும் கிடைக்குற மாதிரி எங்க வேணாலும் கிடைக்காது. அதனால சீரிஸ் 1 எடுக்குறதா இருந்தா ஒரே விதி, முழுசா இருக்குற வண்டியா எடுங்க. ஓடலனாலும் பரவால்ல, இன்ஜின் இறுகியிருந்தாலும் பரவால்ல, ஆனா எல்லா சாமானும் அது அது எடத்துல இருக்கணும். நாலு அட்டைப்பெட்டில பாதி வண்டி இருக்குன்னு சொன்னா கும்புடு போட்டுட்டு வந்துருங்க, ஒரு வைப்பர் மோட்டாருக்கும் ஒரு லாம்ப் பிராக்கெட்டுக்கும் நாலு வருஷம் அலைவீங்க. முதல் தடவை வண்டி கட்டுறவங்களுக்கு இது வேணாம்ங்கறது என் அபிப்பிராயம்.

சீரிஸ் 2-ம் 2ஏ-ம் தான் நம்ம கண்ணுல லேண்ட் ரோவர்னா வந்து நிக்குற உருவம். பக்கவாட்டுல தோள் மாதிரி ஒரு வளைவு, கதவுக்குக் கீழ சேஸ மறைக்குற தகடு, இதெல்லாம் 1958-ல வந்ததுதான். 2.25 லிட்டர் பெட்ரோல், சரியா சொன்னா 2286 சிசி, அப்பத்தான் வந்துச்சு, இந்த இன்ஜின் ஒன்னுதான் இந்தக் குடும்பத்தோட முதுகெலும்பு. 70 குதிரை சக்தி அளவுலதான் வரும், ஆனா அடிமட்டத்துல இழுக்கும், மோசமா பாத்துக்கிட்டாலும் ஓடும், பிரிச்சு சேக்குறது சுலபம். 1961-ல 2ஏ வந்தப்ப டீசலும் 2.25 ஆச்சு. சும்மா 2-க்கும் 2ஏ-க்கும் நடுவுல பெரிய வித்தியாசம் கிடையாது, 2 மூணு வருஷம்தான் வந்துச்சு, அதனால கம்மியா இருக்கு, அதுக்காக யாராவது கூட காசு கேட்டா யோசிங்க.

2ஏ-குள்ளயே கவனிக்க வேண்டியது ரெண்டு விஷயம். ஒன்னு லைட். 1968, 69 வாக்குல ஹெட்லைட் கிரில்ல விட்டு வெளிய வந்து ஃபெண்டருக்குப் போயிருச்சு, அதனால கடைசி 2ஏ முகம் பாக்க சீரிஸ் 3 மாதிரியே இருக்கும். இது அழகு சமாச்சாரம்தான், ராத்திரி ஓட்டுறதுன்னா ஃபெண்டர்ல இருக்குறதுதான் நல்லது. இன்னொன்னு கரண்ட்டு. 1967 வரைக்கும் வந்த வண்டிங்கள்ல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ்தான் சேஸுக்குப் போகும். தெரியாம கை பழக்கத்துல மைனஸ எர்த் பண்ணுவோம், இல்லனா இப்ப விக்கிற ஏதாவது எலக்ட்ரானிக் சாமான மாட்டுவோம். என் ஃப்ரெண்டு 64 மாடல் 2ஏ-ல ஃபோன் சார்ஜர் வயர் இழுத்தான், உலோக உறை சேஸ்ல பட்டிருக்கு, ரெண்டு செகண்ட்ல பிளாஸ்டிக் வாசனை, கையில சூடு, பிடுங்கி எறிஞ்சான். மைனஸ் எர்த்துக்கு மாத்திக்கலாம், பேட்டரிய சார்ஜ் பண்ற டைனமோவுக்கு மறுபடி போலாரிட்டி ஏத்தணும், கஷ்டமான வேலை இல்ல, ஆனா இது எந்த எர்த்னு முதல்ல பாத்துட்டு கைய வைங்க.

இனி 2ஏ-வோட குணம், கியர். முதல் ரெண்டு கியருக்கும் சிங்க்ரோ, அதாவது கியர் மாத்துறப்ப வேகத்த தானா ஒத்துப்போக வைக்கிற அமைப்பு, கிடையாது. மேட்டுல மூணுல திணறுது, ரெண்டுக்கு எறக்கணும்னா கிளட்ச மிதிச்சு நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச விட்டு, ஆக்சிலேட்டர ஒரு தட்டு தட்டி, மறுபடி கிளட்ச மிதிச்சு ரெண்டுல போடணும். இன்ஜின் வேகமும் கியர் வேகமும் ஒத்துப்போச்சுன்னா வெண்ணெய்ல கத்தி போறாப்ல உள்ள போகும், இல்லனா தெருவே திரும்பிப் பாக்குற மாதிரி கரகரன்னு சத்தம். சிலருக்கு இந்தக் கலைக்காகவே 2ஏ வேணும். வீட்டுல ரெண்டு மூணு பேர் ஓட்டுவாங்க, டிராஃபிக்ல தெனமும் எடுப்பீங்கன்னா இது தலைவலி.

அங்கதான் சீரிஸ் 3 வருது. நாலு கியருக்கும் சிங்க்ரோ, டைனமோக்கு பதிலா ஆல்டர்னேட்டர், டிரைவருக்கு நேரா மீட்டர். பிளாஸ்டிக் கிரில், பிளாஸ்டிக் டேஷ்போர்டுன்னு இத கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. பண்ணட்டும். 14 வருஷம் வந்த வண்டி, நெறைய இருக்கு, சாமான் இதுக்குத்தான் சுலபம், கிண்டல் பண்றதாலயே நல்ல சேஸோட இருக்குற சீரிஸ் 3 இன்னும் நியாயமான விலைக்கு மாட்டும். 1980-லேருந்து 2.25 இன்ஜின்ல கிராங்க் ஷாஃப்ட்ட தாங்குற மூணு பேரிங் போய் அஞ்சு பேரிங் ஆச்சு. அதுக்காக மூணு பேரிங் இன்ஜின் மட்டம்னு இல்ல, எத்தனையோ இன்ஜின் அப்படியே ஓடிக்கிட்டிருக்கு, ரெண்டு வண்டியும் ஒரே நெலமைல இருந்தா அஞ்ச எடுங்க, அவ்ளோதான்.

மத்த இன்ஜின்கள பத்தி வேகமா சொல்லிடுறேன். 2.25 டீசல் 62 குதிரை சக்தி, பொறுமைசாலிகளுக்கு. 1967-ல 109-க்கு வந்த 2.6 லிட்டர் ஆறு சிலிண்டர் கேக்க இனிமையா இருக்கும், பெட்ரோல குடிக்கும், சீரிஸ் 1 மாதிரியே எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்குல, முதல் வண்டியா வேணாம். 1979-ல வந்த ஸ்டேஜ் 1 வி8-ல 3.5 லிட்டர் இன்ஜின், எப்பவும் நாலு சக்கர ஓட்டம், கியர் பாக்ஸே வேற, அதனால சாதா சீரிஸ் 3 சாமான்னு நெனச்சு வாங்காதீங்க. 2.25 பெட்ரோல்னா ஹெட்ட எறக்குறப்பவே ஈயமில்லாத பெட்ரோலுக்குத் தாங்குற எக்ஸாஸ்ட் சீட் போட்டுருங்க, தனியா அதுக்குன்னு மறுபடி ஒரு தடவை எறக்க முடியாது. ராணுவத்துலேருந்து வந்த வண்டின்னா 24 வோல்ட்டான்னு கேளுங்க, ரேடியோ வண்டிங்க அப்படித்தான் இருக்கும், பல்புலேருந்து எல்லாமே மாறும்.

88-ஆ 109-ஆ. 88 3.6 மீட்டர் நீளம், 109 4.4 மீட்டருக்கு மேல. இந்த 80 சென்டிமீட்டர் நிறுத்துற எடத்துல மட்டும் இல்ல, வெல்டிங்லயும் பெயிண்ட்லயும் தெரியும். 109-ல பெரிய 11 இன்ச் பிரேக் டிரம், சீரிஸ் 3 109-க்குப் பின்னாடி சாலிஸ்பரி ஆக்சில், யானை பலம். 88-ல பிரேக் 10 இன்ச், பின் ஆக்சில் ஷாஃப்ட்தான் பலவீனம், சேத்துல சக்கரம் சுத்திக்கிட்டே திடீர்னு பிடிச்சா டொக்குன்னு போயிரும். ஆனா மெதுவா ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு 88 போதும், திருப்புறதுக்கும் சுகம்.

சரி, இப்ப முக்கியமான எடம். எந்த சீரிஸ் எடுத்தாலும் உங்க காசையும் வருஷத்தையும் தின்னப் போறது சேஸும் பல்க்ஹெட்டும்தான். அலுமினியம் துருப்பிடிக்காதுன்னு பாடிய பாத்து ஏமாறாதீங்க, அது போத்திக்கிட்டு இருக்குற சேஸ் இரும்பு, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற பல்க்ஹெட் இரும்பு, கதவு ஃப்ரேம் இரும்பு. இரும்பும் அலுமினியமும் தொடுற எடத்துல தண்ணி நின்னா அலுமினியம் அரிச்சு வெள்ளையா பொடியாகும், கதவோட கீழ் ஓரத்துல விரல வச்சு தேச்சுப் பாருங்க, சுண்ணாம்பு மாதிரி ஒட்டும்.

தானமா வந்த மாட்டத்தான் பல்லப் புடிச்சுப் பாக்கக்கூடாது, இது காசு குடுத்து வாங்குறது, நல்லா புடிச்சுப் பாருங்க. சின்ன சுத்தியல், ஒரு பழைய ஸ்குரூ டிரைவர், டார்ச், பழைய சாக்கு ஒன்னு, இதோட வண்டிக்கு அடில படுங்க. சேஸ் நாலு தகட்ட சேத்து வெல்டு பண்ண பெட்டி, உள்ள சேறு போய் அடஞ்சு உள்ளிருந்து வெளிய துரு வரும், அதனால மேல பளபளன்னு இருக்குறதுக்கு அர்த்தமே இல்ல. பின்னாடி கடைசி கிராஸ் மெம்பர்லேருந்து (குறுக்குச் சட்டம்) தட்டிக்கிட்டே முன்னாடி வாங்க. நல்ல எடம் மணி மாதிரி டிங்குன்னு கேக்கும், போன எடம் தொப்புன்னு அட்டைப்பெட்டி மாதிரி கேக்கும், ரெண்டாவது தடவை தட்டுறப்ப துரு மூஞ்சில கொட்டும், கண்ணாடி போட்டுக்கோங்க. ஸ்பிரிங் மாட்டுற எடம், பல்க்ஹெட்ட தாங்குற அவுட்ரிகர் (சேஸ்லேருந்து பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்குற கை), பெட்ரோல் டேங்குக்கு மேல, முன் கொம்பு ரெண்டும், இந்த எடங்கள்ல நிதானமா தட்டுங்க. தகடு மேல தகடு, அது மேல இன்னொரு தகடு வச்சு வெல்டு பண்ணியிருந்தா உள்ள இருக்குறது காலி. அடில புதுசா கறுப்பு தார் பூசி வச்சிருந்தா எதையோ மறைக்கத்தான் பூசியிருக்காங்கன்னே வச்சுக்கிட்டு ஆரம்பிங்க.

பல்க்ஹெட்ல பாக்க வேண்டியது கால் வைக்கிற குழி, கதவுத் தூணோட அடி, கண்ணாடிக்குக் கீழ காத்து வர்ற மூடிக்குப் பக்கத்துல மேல் மூலைங்க. மேல் மூலை போயிருந்தா வேலை பெருசு. புது சேஸ் ரெடிமேடா கிடைக்குது, ஜிங்க்ல முக்கி எடுத்ததே கிடைக்குது, 2, 2ஏ, 3-க்கு அது பிரச்சனையே இல்ல. ஆனா சேஸ் மாத்துறதுன்னா வண்டி முழுக்க பிரியணும், அம்பது வருஷம் இறுகுன போல்ட்டெல்லாம் கழட்டணும், சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிரும். இன்னொன்னு, பல்க்ஹெட் மாத்துறப்ப உடனே முடுக்கிறாதீங்க, கதவு ரெண்டும் கண்ணாடி ஃப்ரேமும் லூசா மாட்டிப் பாத்து, இடைவெளி சரியானப்புறம் போல்ட்ட இறுக்குங்க. நான் முதல்ல இறுக்கிட்டு அப்புறம் கதவ மாட்டுனேன், டிரைவர் பக்கம் கதவு கீழ மூடுது, மேல ரெண்டு விரல் நுழையுது, மறுபடி எல்லாத்தையும் கழட்டுனேன்.

சேஸ் மாத்துறதுக்கு முன்னாடி நம்பரையும் பேப்பரையும் பாத்துக்கோங்க. சீரிஸ் 2-லேருந்து அந்த வலது முன் கொம்புல நம்பர் இருக்கும், கேபின்ல தகடும் இருக்கும், ரெண்டும் பேப்பரும் ஒத்துப்போகணும். ஒத்துப்போகலனா எவ்ளோ நல்ல வண்டியா இருந்தாலும் விட்டுருங்க, துருவ வெட்டி எடுக்கலாம், பேப்பர வெட்டி ஒட்ட முடியாது. பழைய சேஸ வெட்டி எறியுறதுக்கு முன்னாடி உங்க ஊரு பதிவு அலுவலகத்துல என்ன விதின்னு கேட்டுக்கோங்க, ஒவ்வொரு நாட்டுக்கும் இது வேற.

ஓடுற வண்டின்னா ஓட்டிப் பாருங்க. ரெண்டு, மூணுல போட்டு எறக்கத்துல ஆக்சிலேட்டர்லேருந்து கால எடுங்க, கியர் லீவர் தானா நியூட்ரலுக்கு குதிச்சா கியர் பாக்ஸ் பிரியணும்னு அர்த்தம். மஞ்சள் குமிழ கீழ அமுக்குனா ஃபோர் வீல் விழணும், சிவப்பு லீவர பின்னாடி இழுத்தா லோ ரேஞ்ச் (மெதுவா, பலமா இழுக்குற கியர்) விழணும், மறுபடி சிவப்ப முன்னாடி தள்ளுனா மஞ்சள் தானா மேல வரணும். முன் சக்கரத்துக்குப் பின்னாடி இருக்குற குரோம் உருண்டைய துடைச்சு விரல ஓட்டுங்க, சொரசொரன்னு குழி இருந்தா எத்தன சீல் போட்டாலும் ஆயில் கசியும். ஸ்டீயரிங் கல்லு மாதிரி இருந்தா முன் கிராஸ் மெம்பர்குள்ள இருக்குற ஸ்டீயரிங் ரிலே (ஸ்டீயரிங் திருப்பத்த சக்கரத்துக்குக் கடத்துறது) இறுகியிருக்கும், அத தயவுசெஞ்சு வீட்டுல சும்மா பிரிக்காதீங்க, உள்ள முழு அழுத்தத்துல ஒரு ஸ்பிரிங் இருக்கு, குண்டு மாதிரி பறக்கும்.

ஆகமொத்தம் என் கணக்கு இதுதான். முதல் வண்டி, கட்டுனதும் ஓட்டணும், வீட்டுல எல்லாரும் ஓட்டணும்னா சீரிஸ் 3 88 பெட்ரோல். கை பழகியிருக்கு, கியரோட சண்டை போடுறது பிடிக்கும், அந்த முகம்தான் வேணும்னா 2ஏ, அதுலயும் மைனஸ் எர்த் வந்தப்புறம் லைட் வெளிய போறதுக்கு முன்னாடி வந்த 67, 68 கிடைச்சா விடாதீங்க. ரெண்டு மூணு வண்டி கட்டி முடிச்சாச்சு, லேத் வேலைக்கு ஆள் இருக்கு, அவசரம் இல்லன்னா சீரிஸ் 1. நெறைய தூரம் போறவங்க ஓவர்டிரைவ் (அதே இன்ஜின் வேகத்துல வண்டிய இன்னும் வேகமா ஓட வைக்கிற கூடுதல் கியர்) ஒன்னு மாட்டிக்கலாம், ஃபேரி ஓவர்டிரைவ் சுமார் 28 சதவீதம் ஏத்தமா ஓடும், இன்ஜின் அலறுறது குறையும்.

அப்புறம் பணம் குடுக்குறதுக்கு முன்னாடி சீட்டுல ஏறி உக்காந்து கதவ சாத்திப் பாருங்க. சிரிக்காதீங்க. எந்த சீரிஸா இருந்தாலும் டிரைவர் எடம் ஒடுக்கம், பிக்கப் மாதிரி கேபின்னா சீட்டுக்குப் பின்னாடியே சுவர், பின்னாடி தள்ள எடம் கிடையாது. என் மச்சான் ஆறடிக்கு மேல, ரெண்டு வருஷம் உக்காந்து ஒரு 2ஏ-வ கட்டுனாரு, பெயிண்ட் காஞ்ச அன்னிக்குத்தான் முதல் தடவையா கதவ சாத்துனாரு. முட்டி ஸ்டீயரிங்ல இடிக்குது, பிரேக்குலேருந்து கால எடுத்தா டேஷ்ல மோதுது. இப்ப வண்டிய அக்காதான் ஓட்டுறாங்க, இவரு பக்கத்துல உக்காந்து கிளட்ச் எப்ப மிதிக்கணும்னு சொல்லிக்கிட்டு வர்றாரு.